பிறர் பணமும் சிவப்புக் காயும்

பந்தயம் கட்டிப் பூல் ஆடுகிறவர்களுக்கு நெருக்கடியான கட்டத்தில் கை நடுங்குவது ஏன், அதை அவர்கள் எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதித் தருமாறு ஆசிரியர் பணித்து, அதற்கு விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் க்ஷேத்திரமாக அவரே நிர்ணயித்தும் கொடுத்தபோது, பச்சைத் துணி விரித்த அந்த மேஜையை அவ்வூர்களில் எங்கே போய்த் தேடுவது என்ற என் ஆட்சேபத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாள் மாலை அலைந்து விசாரித்ததில், "பூலா? அதுக்கு நீங்க பாண்டிக்குப் போவணும் சார்" என்ற பதில்தான் போன இடமெல்லாம் கிடைத்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னவர்களே, பந்தயம், படபடப்பு என்ற இரண்டு சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் முகம் மலர்ந்து, "அப்படின்னா கேரம் கிளப்புக்கு வாங்க" என்று அழைத்துப்போனார்கள். ஆகவே ஆசிரியர் கேட்டது ஒன்று. நான் தருவது அதன் தாயாதி.

தாயாதி என்றது வெறும் அலங்காரம் அன்று. கோலுக்குப் பதிலாக விரல், பந்துக்குப் பதிலாகக் காய், ஆறு பைகளுக்குப் பதிலாக நான்கு என்பதைத் தவிர இரண்டுக்கும் சாஸ்திரம் ஒன்றே. பூல் என்ற பெயரே, பலர் சேர்ந்து ஓரிடத்தில் குவித்த பந்தயப் பணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று என்றும், ஓர் ஓட்டத்துக்கும் மறு ஓட்டத்துக்கும் நடுவே பொழுது போவதற்காக அங்கே போடப்பட்ட மேஜைகள் நாளடைவில் அதைச் சுவீகரித்துக்கொண்டன என்றும் சொல்வார்கள். 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் விடுதியில் பிறந்த ஸ்நூக்கருக்கு நமது உதகமண்டலத்துக் கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. எனினும் அந்த மேஜையை வாங்குவதற்கும் அதைப் போட்டுவைக்கும் அளவுக்குப் பெரிய கூடம் கட்டுவதற்கும் வசதியுள்ளவர்களோடு அது நின்றுவிட்டது. இருபத்தொன்பது அங்குலச் சதுரமான கேரம் பலகையோ திண்ணைக்கும், சலூனுக்கும், மன்றத்துக் கொட்டகைக்கும் இறங்கி வந்தது. 1988-ல் அகில உலகக் கேரம் சம்மேளனம் தோன்றிய ஊர் சென்னை. இருமுறை உலகச் சாம்பியனாகி 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம், வடசென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து உலகப் பட்டம் வென்ற இளவழகி, 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கப் பதக்கங்கள் வாங்கிய ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா ஆகிய மூவரும் நம்மவர்கள். அவர்களுடைய கதை பலரும் எழுதிய கதை. பதக்கம் வாங்காதவர்களின் விரல்களைப் பற்றியது என்னுடையது.

திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில், பலகைக்கு இரண்டடி உயரத்தில் தகர மூடி போட்ட ஒற்றை விளக்குத் தொங்க, அந்த வெளிச்ச வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களின் முகங்கள் இருட்டிலும் கைகள் மட்டும் வெளிச்சத்திலுமாக இருந்த ஓர் அறையில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் ஓர் இளைஞன் ஆடிக்கொண்டிருந்ததை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு அகலாத அந்த விரல் அதுவரை செய்த காரியங்கள் வித்தையென்றே சொல்லத்தக்கவை. கடைசிப் போர்டில் ரெட் எனப்படும் சிவப்புக் காயை மூலைக்கு அனுப்பினான். பாக்கெட்டின் வாயில் பாதி தொங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் காயை ஃபாலோவாகத் தள்ளிவிட்டால் ஐயாயிரம் ரூபாய். தவறினால் ரெட் திரும்பவும் நடுவட்டத்துக்கு வந்துவிடும். பத்து வயதுக் குழந்தை ஊதினாலும் விழுந்திருக்கும் காய் அது. ஸ்டிரைக்கர் அதை உரசக்கூட இல்லை.

அந்த அறையில் அப்போது எழுந்தது ஆரவாரம் அன்று, ஒரு முணுமுணுப்பு. அதில் தெளிவாகக் காதில் விழுந்த ஒரு சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "விட்டுட்டான்."

மனம் சஞ்சலப்படும்போது சரீரத்தில் நிகழ்வதை வைத்தியர்கள் விவரித்திருக்கிறார்கள். ஆபத்து என்று மூளை தீர்மானித்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து விரல்நுனி குளிர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புலிக்கு அஞ்சி ஓடவேண்டியவனுக்கு இவையெல்லாம் பேருபகாரம். பதினைந்து கிராம் எடையுள்ள ஸ்டிரைக்கரை நூலிழை தப்பாமல் சுண்டவேண்டியவனுக்கு இவையே சத்துரு. வர்ஜீனியாவில் 1982-ல் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் சிலர், கல்லூரி மாணவர் கூடமொன்றில் பூல் ஆடுகிறவர்களை அவர்கள் அறியாமல் கவனித்துக் கணக்கெடுத்துவிட்டு, பிறகு நான்கு பேராக மேஜையருகில் போய் நின்று பார்த்தார்கள். நன்றாக ஆடுகிறவர்களின் வெற்றி நூற்றுக்கு 71-லிருந்து 80 ஆக உயர்ந்தது. சுமாராக ஆடுகிறவர்களுடையது 36-லிருந்து 25 ஆகச் சரிந்தது. பழக்கமானவனைக் கூட்டம் தூக்கிவிடுகிறது, பழகாதவனை அமுக்கிவிடுகிறது என்பது அதன் சாரம். அந்தக் கணக்கின்படி நமது மெக்கானிக் அந்தக் காயை இன்னும் லாகவமாகப் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. ஏனென்றால் வர்ஜீனியாவில் மேஜையருகே நின்ற அந்த நால்வரும் ஒரு காசும் கட்டியிருக்கவில்லை.

படபடப்புக்கு ஆட்டக்காரர்கள் கைக்கொள்ளும் உபாயங்கள் பல. விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், நெருக்கடி வரும்போதெல்லாம் தேவையே இல்லாமல் பலகையில் பவுடர் தூவி உள்ளங்கையால் நிதானமாகத் தேய்ப்பார். தேய்க்கும் அந்த நேரத்தில் மூச்சு அடங்கிவிடுகிறதாம். போட்டி விதிப்படி ஓர் அடிக்குப் பதினைந்து வினாடிதான் உண்டு என்றாலும், கிளப்பில் கடிகாரம் வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இன்னொருவர் ஸ்டிரைக்கரைச் சட்டையில் மூன்று தடவை துடைப்பார், நான்காவது தடவை துடைத்தால் அபசகுனம். வேறொருவர் பாக்கெட்டைப் பார்க்கவே மாட்டார், காயின் விளிம்பு மட்டுமே அவர் கண்ணுக்கு விஷயம். மயிலம் முருகனின் விபூதிப் பொட்டலமும் சிலர் சட்டைப்பையில் உண்டு. இவை பயனற்றவை என்று நான் சொல்லமாட்டேன். அப்பியாசத்தில் ஊறிய கையை மனம் குறுக்கிட்டுக் கெடுக்காமல் இருக்க, மனத்துக்கு ஏதாவது ஒரு சில்லறை வேலை கொடுத்துவைப்பது புத்திசாலித்தனமே. ஆனால் பெரியவரிடம் அதிக நேரம் பேசியதில் தெரியவந்த வேறொரு சங்கதி, இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குப் பட்டது. நாற்பது வருஷ ஆட்டத்தில் அவர் தம் சட்டைப்பையில் இருந்ததற்கு மேல் ஒரு ரூபாய்கூட வைத்து ஆடியதில்லை. "தோத்தா டீக்காசு போச்சு, அவ்ளோதானே தம்பி" என்றார்.

மெக்கானிக்கின் ஐயாயிரம் அவனுடையது அன்று. பலகையருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருமுறையும் வாய் திறக்காமல் கைப்பேசியை உருட்டிக்கொண்டிருந்த ஒருவருடையது. ஜெயித்தால் பாதி பையனுக்கு. தோற்றால் முழுத்தொகையும் பையன் பெயரில் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். இவரைத் தவிரச் சுற்றி நிற்பவர்கள் தங்களுக்குள் நூறும் ஐந்நூறுமாகக் கட்டிக்கொள்ளும் பந்தயம் தனி. இப்படியாக அந்த ஒரு விரலின்மேல் அன்றிரவு உட்கார்ந்திருந்தவர்கள் பத்துப் பேருக்குக் குறையமாட்டார்கள்.

இந்தப் பிரதேசத்துக்கு இது புதிதல்ல என்று சொல்லவேண்டும். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை ஆதியாகக் கொண்டு கிராமந்தோறும் திரௌபதியம்மன் குடியிருக்கிற நாடு இது. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் போகும் உற்சவ நாட்களில் 'பகடைத் துகில்' நடக்கும் ராத்திரி ஊரே விழித்திருக்கும். அப்போது எல்லாருடைய கண்ணும் தருமன்மேலும் பாஞ்சாலிமேலும் இருப்பது நியாயந்தான். ஆனால் வியாச பாரதத்தின் சபா பர்வத்தில், கூத்தின் உச்சத்துக்கு வெகுமுன்பே வந்துபோகிற சிறிய இடம் ஒன்று உண்டு: செல்வத்தை வைப்பவன் தான் என்றும், தனக்காகக் காய் உருட்டுபவர் தன் மாமன் சகுனி என்றும் துரியோதனன் அறிவிக்கிறான், ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையாகப் படவில்லையே என்று தருமன் ஆட்சேபிக்கிறான். ஆட்சேபித்துவிட்டு உட்கார்ந்து ஆடவும் செய்கிறான், அது அவன் விதி. சூதின் முழு விஷமும் அந்த ஆட்சேபத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சகுனியின் கை நடுங்காததற்குக் காரணம் பகடையின் சூட்சுமம் மட்டுமன்று. தோற்றாலும் மருமகன் அவனிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. நமது மெக்கானிக்கோ சகுனியின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாலும் உண்மையில் நகுலன், அதாவது தம்பிமார்களில் முதலில் வைத்து இழக்கப்பட்டவன். பணயம் என்ற சொல்லைப் பந்தயப் பொருளுக்கும் பிடித்துவைக்கப்பட்ட மனிதனுக்கும் பொதுவாக வழங்கும் தமிழின் தீர்க்கதரிசனத்தை என்னவென்று சொல்வது!

இவ்விஷயத்தை நான் ஒரு வழக்கறிஞ நண்பரிடம் பிரஸ்தாபித்தபோது அவர் சிரித்தார். 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டமே, முழுக்கத் திறமையைச் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது என்றும், குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததே என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே, தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்றும், ஆகையால் ஓடுகிறவன் வேறு, கட்டுகிறவன் வேறு என்பதில் நான் காணும் பாவம் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படுவது கடினம் என்றும் விளக்கினார். அவர் சட்டத்தை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் தன்மேல் யார் யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பது குதிரைக்குத் தெரியாது. பையனுக்குத் தெரியும்.

பந்தயம் இல்லாத ஆட்டம் உப்பில்லாத கூழ் என்றும், பணம் வைத்து ஆடினால்தான் நெஞ்சு உரமேறும் என்றும் வாதிப்பவர்கள் இரண்டு ஊரிலும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். பிலிப்பைன்ஸ் தேசத்து எஃப்ரன் ரெய்யஸ், மணிலாவில் மாமனின் பூல் கூடத்தில் ராத்திரி மேஜைமேலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவர், 1996-ல் ஹாங்காங்கில் லட்சம் டாலர் பரிசுக்கு நடந்த ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் பதினேழு ஆட்டம் பின்தங்கியிருந்தும் முகத்தில் ஒரு ரேகை மாறாமல் 120-க்கு 117 என்று வென்றதை அவர்கள் எடுத்துச் சொல்வார்கள். சொல்லட்டும். அன்று தோற்றிருந்தால் அந்த லட்சத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டிய கடமை அவருக்கு இருந்ததா என்று மட்டும் நான் கேட்பேன்.

வட்டி என்ற வார்த்தை வந்துவிட்டபடியால் ஆட்டத்தைச் சற்று மறந்துவிட்டு அதைச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் திண்டிவனத்திலிருந்து திரும்பியதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான். நோட்டுப் புத்தகத்தில் ஏறிய ஐயாயிரம் அப்படியே கிடப்பதில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று வளர்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் போட்ட சட்டம் அமலில்தான் இருக்கிறது, ஆனால் பந்தயக் கடனுக்குப் பத்திரமும் சாட்சியும் யாரிடம் இருக்கிறது, புகார் கொடுக்க எந்த முகத்தோடு போவான்? கடனை அடைக்க அடுத்த ஆட்டம், அந்த ஆட்டத்துக்கும் நோட்டுப் புத்தகக்காரர் பணம். இந்தச் சுழலில் நாலைந்து வாரம் சுற்றியவனிடம் ஒருநாள், "இன்னிக்கு நீ தோத்துடு, பழசுல பாதியைக் கழிச்சுக்கலாம்" என்ற பேச்சு வருகிறது. எதிராளியின்மேல் வெளியே கட்டப்பட்ட பணம் அதற்குள் பெரிதாகியிருக்கும். அப்போது அந்தப் பையன் செய்யவேண்டியதெல்லாம் விரலைக் கொஞ்சம் நடுங்கவிடுவதுதான்.

இதில் மிகக் கொடியது எதுவென்றால், நிஜ நடுக்கத்துக்கும் வேண்டுமென்று வரவழைத்த நடுக்கத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எந்த நடுவராலும் ஆகாது. ஆகவே மெய்யாகவே பயந்து தவறவிட்டவனையும் "விட்டுட்டான்" என்கிறார்கள். பணம் போகுமே என்ற கவலையோடு பெயரும் போகுமே என்ற கவலை சேர்ந்துகொள்ள, அடுத்த காய்க்கு ஸ்டிரைக்கரை வைக்கும்போது விரலுக்கு இரட்டைப் பாரம். மூச்சை இழுத்து விடுவதாலும் பவுடரைத் தேய்ப்பதாலும் இறக்கக்கூடிய பாரமா அது?

அன்றிரவு கூட்டம் கலைந்தபின் நான் விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தபடியால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பணம் கட்டியவர் டீக்கடைக்குப் போயிருந்தார். மெக்கானிக் யாரிடமும் பேசாமல் அந்த வெள்ளைக் காயை எடுத்து, பாக்கெட்டின் வாயில் முன்பு இருந்தபடியே பாதி தொங்க வைத்தான். சுண்டினான், விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தான், விழுந்தது. ஒன்பது தடவை எண்ணினேன், ஒன்பது தடவையும் விழுந்தது, கடைசி இரண்டு தடவை அவன் பலகையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பத்தாவது தடவை காயை வைத்துவிட்டு விரலை மடக்கியபோது வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. ஸ்டிரைக்கரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பவுடர் டப்பாவைத் தேடினான்.