தெருமுனைத் தொட்டியும் ஊரார் கடமையும்

மகாவலி கங்கையின் கிளையாறு கடலை நாடிச் செல்லும் வழியில் அமைந்தது வெருகல். சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் அடியார் கூட்டம் திரளும் ஊர் அது. மக்கள் கூடும் இடத்திலே குப்பையும் கூடும். அதனை இடுவதற்குத் தொட்டி வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின், அத்தொட்டி எவர் வாசலில் நிற்பது, எத்தனை நாள் நிற்பது என்னும்போதே வழக்குப் பிறக்கிறது.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தெருக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றும் பொறுப்பைப் பிரதேச சபையிடமே ஒப்படைத்துள்ளது. சேர்க்கப்பட்ட குப்பை சபையின் உடைமை என்றும் அது கூறுகிறது. எனவே, தொட்டியை வைப்பதோடு சபையின் கடமை முடிந்துவிடுவதில்லை. உரிய காலத்தில் அதனை வெறுமையாக்குவதும் கடமையே.

மூடியில்லாத் தொட்டியில் மழைநீர் தங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். நிரம்பி வழிந்தால் நாயும் மாடும் இழுத்துப் பரப்பும். கழிவுநீர் மணலில் ஊறிக் கிணற்றைக் கெடுக்கும். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், குப்பைமேட்டைத் தேடி வந்த யானைகள் பொலித்தீனை உண்டு மாண்டன. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்திலே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். சிறு தொட்டியின் அலட்சியமே பெருமலையாக வளர்கிறது.

பிற நாடுகள் இதற்கு வகுத்த முறை யாது? பாரிஸ் நகரில் 1884ஆம் ஆண்டு, வீட்டுச் சொந்தக்காரர் மூடியுள்ள கலங்களை வைத்தல் வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. ஆணையிட்ட அதிகாரி புபெல்லின் பெயரே பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமோ, வீதியில் பெருந்தொட்டி வைப்போர் முன்னனுமதி பெறவேண்டும் என்கிறது. இரவில் அதற்கு விளக்கு வேண்டும். உரியவர் பெயர் அதில் பொறிக்கப்பட வேண்டும். நிரம்பியதும் தாமதமின்றி அகற்றப்பட வேண்டும்.

இவ்விதிகளின் உட்பொருள் ஒன்றே: பொறுப்பாளர் யார் என்று தெரியாத தொட்டி எவருக்கும் உரியதன்று, எவருக்கும் உரியதல்லாதது எல்லோருக்கும் தீங்காகும். ஆகவே, கிணற்றுக்கும் பாடசாலைக்கும் எட்ட நிற்கும் இடம், மூடி, பொறுப்பாளர் பெயர், அகற்றும் நாள் ஆகிய நான்கும் குறிக்கப்பட்ட பின்னரே தொட்டி ஊருக்குள் வருதல் நலம்.

வீட்டாருக்கும் பங்குண்டு. உக்கும் கழிவை வாழையடியில் புதைத்து, உக்காததைப் பிரித்து ஒப்படைத்தால் தொட்டியின் சுமை பெரிதும் குறையும். சபை நாள் தவறாது வருவதும், ஊரார் பிரித்துக் கொடுப்பதும் ஒன்றையொன்று தாங்குவன. ஒருபுறம் தளர்ந்தால் மறுபுறமும் தளரும். இரண்டும் நின்றால் தெருவும் ஆறும் தூய்மை பெறும்.