ஒளிக்கண்ணும் கத்தியும்

நாவலப்பிட்டி நிலையத்தை நேயர்களுட் பலர் அறிவீர்கள். 1874ஆம் ஆண்டில் அவ்வூரை எட்டிய புகையிரதப் பாதை, அதற்கப்பால் 44 அடிக்கு ஓரடி வீதம் உயரும் ஏற்றங்களில் மலையேறுகிறது. நீராவிக் காலத்தில், பாரமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சினும் பூட்டப்பட்டது. முன் எஞ்சினின் ஊதொலியைக் கேட்டே பின்னுள்ளவர் இயங்கவேண்டும். முந்தினால் வண்டி குலுங்கும், பிந்தினால் தேங்கும்.

ஒரு நிகழ்ச்சியை அறிந்து, அதற்கு இசைய ஒரு பொறி நகர வேண்டும் என்னும் இதே தேவை, தேயிலையைப் பொதி செய்யும் இயந்திரங்களிலும் உண்டு. அச்சிட்ட தாள் சுருளிலிருந்து ஓடிவருகிறது. சுழலும் கத்தி அதைத் துண்டிக்கிறது. ஒரு பொதிக்குக் கால் மில்லிமீற்றர் தாள் நீண்டுவிட்டாற்கூட, 100 பொதிகளில் பிழை 25 மில்லிமீற்றராகும். கத்தி எழுத்துகளின் நடுவே விழும். ஆகவே ஒவ்வொரு பொதிக்கும் தாளின் ஓரத்தில் ஒரு கருங்குறி அச்சிடுகிறார்கள். ஒளிக்கண் அதைக் கண்டதும், கத்தி சற்றே விரைந்தோ தாமதித்தோ தன் இடத்தைச் சரிசெய்துகொள்கிறது.

ஆனால், கண்டால் மட்டும் போதாது. கட்டுப்பாட்டுக் கருவி விநாடிக்கு 100 முறை ஒளிக்கண்ணின் செய்தியைப் பார்ப்பதாகக் கொள்வோம். விநாடிக்கு அரை மீற்றர் ஓடும் தாள், இரண்டு பார்வைகளுக்கிடையில் 5 மில்லிமீற்றர் கடந்துவிடும். இதற்குப் பரிகாரம் என்ன? குறி தோன்றிய அதே கணத்தில், தாள் எவ்வளவு ஓடியிருக்கிறது என்னும் எண்ணை ஒரு தனி மின்சுற்று பதிந்து வைக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி அதனைப் பிறகு படித்தாலும் எண் பொய்யாகாது. வண்டி வந்த நேரத்தை நிலைய அதிபர் அப்பொழுதே பதிவேட்டில் எழுதிவிட்டால், மறுநாள் படிப்பவருக்கும் அது சரியாகத்தானே இருக்கும்!

ஒளிக்கண்ணுக்கும் ஒரு தாமதம் உண்டு. அது எப்பொழுதும் ஒரே அளவாயின், தாளின் வேகத்தால் பெருக்கிக் கழித்துவிடலாம். கணத்துக்குக் கணம் மாறுந் தாமதத்துக்கோ கணக்கில்லை. ஆகவே பொறியியலாளர் அஞ்சுவது தாமதத்தையன்று, நிலையற்ற தாமதத்தையே.

பிழையாக வெட்டிய பொதி கழிவாகிறது. செங்குத்தான சரிவில் நின்று கொழுந்து கொய்த கைகளின் உழைப்பு, கடைசிப் படியில் வீணாகாமற் காப்பது தாளோரத்து அச்சிறு கருங்குறியே.