உழவில் கிடைத்த கல்லுக்குச் செம்புக் கம்பியில் ஓர் உறி

க.பரமத்தி பக்கத்து வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: ‘மழை பெய்து ஓய்ந்ததும் எங்கள் கடலைக் காட்டில் ஊதாவும் வெள்ளையுமாகக் கற்கள் கிடைக்கின்றன. வியாபாரி வந்து டம்ளர் கணக்கில் அளந்து 50 ரூபாய் கொடுத்து எடுத்துப் போகிறார். பிளஸ் டூ முடித்த மகள் செல்போனில் பார்த்து, பட்டை தீட்டாத கல்லில் கம்பி சுற்றி டாலர் செய்கிறாள். 15,000 ரூபாய் கட்டினால் பயிற்சியும் கம்பியும் கொடுத்து, செய்வதையெல்லாம் தாங்களே வாங்கிக்கொள்வதாக ஓர் இடத்தில் சொல்கிறார்கள். கட்டலாமா?’

கட்ட வேண்டாம், அம்மா. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மகள் செய்வது நல்ல வேலை, அதை விடச் சொல்லாதீர்கள். வேளாண்மை அலுவலருக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கலாம். கல் காட்டில்தானே கிடைக்கிறது!

கரூர், காங்கேயம் பக்கத்து நிலத்தடிப் பாறையில் வெள்ளைக் கொடிபோல ஓடும் கல்வரிகள் உண்டு. அவை மக்கி உதிரும்போது செவ்வந்திக்கல், பளிங்கு, சந்திரகாந்தக்கல் போன்றவை செம்மண்ணோடு கலந்துவிடுகின்றன. உழவும் மழையும் அவற்றை மேலே கொண்டுவருகின்றன. இது இன்று நேற்று வந்த தொழிலும் அல்ல. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், பாதி செய்து விட்ட கல்மணிகளே கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள். காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த நீலப்பச்சைக் கல், பழங்காலத்தில் கடல் கடந்து போனதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த மணிகளுக்குத் துளை போட வேண்டியிருந்தது. கல்லில் துளை போடுவது கடினமான வேலை, கருவி வேண்டும், கல்லும் உடையும். கம்பி சுற்றும் முறையில் துளையே கிடையாது. நம் வீடுகளில் பானையை உறியில் வைத்துத் தொங்கவிட்டோமே, அதே கணக்குதான். பானை எந்த வடிவமாக இருந்தாலும் உறி தாங்கும். அதுபோல, கோணல்மாணலான கல்லையும் கம்பி தாங்கிவிடும்.

கம்பிக்குப் பெரிய கடை தேடி அலைய வேண்டாம். நம் பம்ப்செட் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் கடையில் எனாமல் பூசிய புதுச் செம்புக் கம்பி எடை கணக்கில் கிடைக்கும். கேஜ் சொல்லிக் கேட்காதீர்கள். 20 கேஜ் என்றால் ஒரு கணக்கில் 0.81 மில்லிமீட்டர், இன்னொரு கணக்கில் 0.91. வீடியோவில் சொல்வது ஒன்றாகவும் கடைக்காரர் கொடுப்பது வேறாகவும் இருக்கும். மில்லிமீட்டரிலேயே கேளுங்கள்: சட்டத்துக்கு 0.8, கட்டுவதற்கு 0.4. நீர்மூழ்கி மோட்டாருக்கான பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி உதவாது. எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய பழைய கம்பி சும்மா கிடைக்கிறதே என்று எடுத்து வந்து எனாமலைத் தீயில் பொசுக்கவும் கூடாது. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. கட்டுக்கம்பி துருப்பிடித்துச் சட்டையைக் கெடுக்கும்.

கருவி என்று பார்த்தால் உருண்டை மூக்குக் கொறடு, தட்டை மூக்குக் கொறடு, வெட்டும் கொறடு, வழவழப்பான சிறு அரம். அவ்வளவுதான்.

ஓர் அங்குல உயரமுள்ள கல்லுக்கு 0.8 கம்பியில் 20 சென்டிமீட்டர் துண்டு மூன்று வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றையும் சேர்த்துப் பிடித்து நடுவில் 0.4 கம்பியால் ஆறேழு சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். இப்போது இரு பக்கமும் மும்மூன்று கால்கள். ஆறையும் நட்சத்திரம் மாதிரி விரித்து, நடுவில் கல்லை உட்காரவைத்து, ஒவ்வொரு காலாக மேலே ஏற்றுங்கள். கல்லில் இயற்கையாகவே பள்ளமும் வரப்பும் இருக்கும். பள்ளத்தில் கம்பியை இறக்கினால் நிற்கும், மேட்டில் வைத்தால் வழுக்கும். வாய்க்கால் போகும் வழியைத் தெரிந்துகொள்ளும் கண் இருந்தால் போதும். உச்சியில் ஆறையும் ஒன்றுசேர்த்து மெல்லிய கம்பியால் கட்டுங்கள். இரண்டு காலைப் பென்சிலில் சுற்றிக் கயிறு கோர்க்கும் வளையம் ஆக்கி, மீதி நான்கைச் சுருட்டிவிடலாம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் செம்பு இறுகி ஒடிந்துவிடும். கட்டுக்கம்பியைக் கையால் ஒடிப்பவர்களுக்கு இது தெரியும். அதனால் மடக்கும் முன் யோசித்து, ஒரே மடக்கில் முடிக்க வேண்டும். கல்லிலும் குணம் உண்டு. செவ்வந்தியும் பளிங்கும் இறுக்கத்தைத் தாங்கும். சந்திரகாந்தக்கல் அடுக்கடுக்காகப் பிளக்கும் சாதி, கொறடால் கல்மேல் அழுத்தக் கூடாது. செவ்வந்தியை நாள்கணக்கில் வெயிலில் காயப்போட்டால் நிறம் வெளுக்கும். பல் துலக்கும் பழைய பிரஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், ஆசிட் வேண்டாம்.

முடித்ததும் இரண்டு சோதனை. காதருகே வைத்து ஆட்டுங்கள், கல் ‘கடகட’ என்றால் விற்காதீர்கள். பிறகு நூல் சேலையின் மேல் இழுத்துப் பாருங்கள். நூலை இழுத்தால் கம்பி முனை எங்கோ நீட்டிக்கொண்டிருக்கிறது, அரத்தால் ராவுங்கள்.

இப்போது அந்த 15,000 ரூபாய்க்கு வருவோம். மேலே சொன்ன டாலருக்கு ஏறக்குறைய 4 கிராம் செம்பு போகிறது. சேதாரம் போனாலும் ஒரு கிலோவில் 200-க்குக் குறையாமல் வரும். இன்றைய கிலோ விலையை 200-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு டாலருக்கான கம்பிச் செலவு தெரிந்துவிடும். அரைக் கிலோவும் நான்கு கருவியும் வாங்க 15,000 தேவையே இல்லை. ‘நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்பவர் முதல் தவணையை வாங்குவார். இரண்டாவது தவணையில் ‘தரம் இல்லை’ என்று திருப்பி அனுப்புவார். கட்டிய பணம் போனது போனதுதான். கொங்குப் பகுதியில் ஈமு கோழிக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் பேச்சு இதுதான்: நீங்கள் வளர்த்துக் கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். பழகாத கைக்கு ஒரு டாலருக்கு ஒரு மணி நேரம் ஆகும். விற்ற விலையில் கம்பி, கயிறு, பஸ் கட்டணம் கழித்து, மணிக்கு என்ன நிற்கிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். களை எடுக்கும் கூலிக்குக் கீழே நின்றால் விலையை ஏற்ற வேண்டும், அல்லது விற்கும் இடத்தை மாற்ற வேண்டும். ஊர்ச் சந்தையில் இது போகாது. மகளிர் குழு மூலம் மகளிர் திட்ட அலுவலகத்தை அணுகினால், கண்காட்சியிலும் ‘மதி’ அங்காடிகளிலும் இடம் கிடைக்குமா என்று சொல்வார்கள். உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டாம்.

‘ராசிக்கல், அதிர்ஷ்டக்கல்’ என்று சொல்லி விற்க வேண்டாம் என்பது என் கருத்து. ‘எங்கள் கடலைக் காட்டில் கிடைத்தது, பட்டை தீட்டாதது’ என்று சீட்டில் எழுதுங்கள். அதுதான் உண்மை, கடையில் இருக்கும் கல்லுக்கு அந்தப் பெருமை கிடையாது. விரிசல் இல்லாமல் உள்ளே தெளிவாக ஒளி போகும் கல் கிடைத்தால் மட்டும் கம்பி சுற்றாமல், பட்டை தீட்டுபவர் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டி விலை கேளுங்கள். டம்ளரில் போடாதீர்கள்.

இன்னொன்று, இது கண்டிப்பாகவே சொல்வது. கல்லுக்காகக் காட்டைத் தோண்டாதீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் தோண்டிக் கனிமம் எடுக்க அரசு அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு வரும். அதைவிட, அடிமண்ணைக் கிளறி மேலே போட்டால் எரு போட்டுத் தேற்றிய மேல்மண் உள்ளே போய்விடும். அதை மறுபடி தேற்றப் பல வருஷம் ஆகும். உழவு கொண்டுவந்ததைப் பொறுக்குவதோடு நில்லுங்கள். தொடர்ந்து விற்பதாக இருந்தால் மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியவர், கழுத்தில் பச்சையாகக் கறை படிகிறது என்று வரக்கூடும். எனாமல் உரிந்த இடத்தில் வேர்வை பட்டால் செம்பு அப்படித்தான் செய்யும், சோப்புப் போட்டால் போய்விடும். குளிக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லியே கொடுங்கள்.