கூப்பிடு தூரத்தில் இருந்த குடும்பம்

வடக்கிலோ கிழக்கிலோ ஒரு முதியோர் இல்லம் திறக்கப்பட்டால், அதையொட்டி எழுகின்ற பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. முன்பு நாங்கள் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தோம், வெள்ளைக்காரர் தனிக்குடும்பமாக வாழ்ந்தார்கள், இப்போது எங்கள் பிள்ளைகளும் அவர்களைப்போல ஆகிவிட்டார்கள் என்பார்கள். பட்டிமன்ற மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் செத்தவீடுகளிலும் இதைக் கேட்கலாம். இந்த விளக்கத்தின்படி குற்றம் பிள்ளைகளின் மனத்தில் இருக்கிறது. அது திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 1981இல் 6.6 வீதமாக இருந்தார்கள். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அது 12.4 வீதம். முதியோரின் பங்கு இப்படி உயர்ந்துகொண்டு போகும் ஒரு நாட்டில், நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறிப்போகும். ஆகவே, அந்தக் கூட்டுக்குடும்பம் எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஒரே கூரை, ஒரே உலை

பெற்றோர், மணமான ஆண்மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே உலையில் சமைத்து, ஒரே பணப்பையில் வாழ்வதைத்தான் கூட்டுக்குடும்பம் என்கிறோம். தொழிற்சாலைகளும் நகரங்களும் வந்த பிறகுதான் இது உடைந்தது என்று சமூகவியலாளர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை ஆட்டங்காண வைத்தவர்களில் ஒருவர் பிரித்தானிய வரலாற்றாசிரியர் பீற்றர் லாஸ்லெற். தேவாலயப் பதிவுகளையும் ஊர்ப் பெயர்ப்பட்டியல்களையும் ஆராய்ந்த அவரது குழுவினர் 1972இல் வெளியிட்ட நூலின்படி, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் ஒரு வீட்டின் சராசரி அளவு ஏறத்தாழ 4.75 பேர்தான். அதிலும் வேலைக்காரர்கள் அடக்கம். நீராவி இயந்திரம் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே அங்கே தனிக்குடும்பம் வழக்கத்தில் இருந்தது. இளையோர் பிறர் வீடுகளில் வேலைசெய்து பணம் சேர்த்து, இருபதுகளின் நடுப்பகுதியில் மணம்முடித்து, தனிவீடு போனார்கள்.

அப்படியானால் அவர்களுடைய முதியவர்கள் என்ன ஆனார்கள்? 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்படி ஒவ்வொரு பங்கும் தன் எல்லைக்குள் வரி அறவிட்டு, வயதாலும் நோயாலும் இயலாமற்போனவர்களைத் தாங்கவேண்டியிருந்தது. அந்த உதவி பல வேளைகளில் கடுமையானதாகவும் அவமானம் தருவதாகவும் இருந்தது. என்றாலும் குடும்பத்துக்கு வெளியே ஏதோ ஒன்று தாங்கிநின்றதால்தான் அங்கே தனிக்குடும்பம் நிலைத்தது.

இந்தியாவிலும் படம் நாம் நினைப்பதுபோல இல்லை. குஜராத் கிராமம் ஒன்றின் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏ. எம். ஷா, பெரிய கூட்டுக்குடும்பம்தான் பொதுவிதியாக இருந்தது என்ற எண்ணத்தைக் கேள்விக்குட்படுத்தினார். கூட்டாக வாழ்வது ஒரு விழுமியமாகப் போற்றப்பட்டது. ஆனால், மரணங்களும் பாகப்பிரிவினைகளும் அந்த வீடுகளைச் சிறிதாக்கிக்கொண்டேயிருந்தன.

மெய்யாகவே பெரிய கூட்டாக வாழ்ந்தவர்களும் உண்டு. கேரளத்து நாயர்களின் தறவாடு அத்தகையது. ஆனால், அங்கே கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழவில்லை. பெண்ணும் அவளது பிள்ளைகளும் அவளுடைய சகோதரர்களும் தாய்வழித் தறவாட்டில் இருந்தார்கள், கணவன் வந்துபோகிறவன். சொத்தை நிர்வகித்தவர் காரணவர் எனப்பட்ட மூத்த ஆண். 1925ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் நாயர் சட்டம் தனிநபர்கள் தமது பங்கைப் பிரித்துக் கேட்க வழிசெய்தது. 1975இல் கேரளச் சட்டசபை கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்தால் நீக்கியது. ஒரு குடும்ப வடிவத்தைச் சொத்துச் சட்டம் எப்படி உருவாக்கவும் கலைக்கவும் முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

வேலிப் பொட்டும் பங்குக் கிணறும்

இனி எங்கள் பக்கம் வருவோம். யாழ்ப்பாணத்தின் தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அதன்படி மகனுக்கு முதுசொம், மகளுக்குச் சீதனம். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் பங்கு கேட்பதில்லை. காணியும் பிறகு வீடும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும்போது, மணமான சோடி பெரும்பாலும் பெண்ணின் தாய் வீட்டுக்கு அருகிலேயே குடியமர்ந்தது. எங்களில் பலருக்கு அப்பம்மாவைவிட அம்மம்மா நெருக்கமானவராக இருப்பதற்கு இந்தக் காணி உறுதிகளும் ஒரு காரணம்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இது இன்னும் வெளிப்படையானது. அங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்பது தாய்வழியில் வருவது. மகளுக்குக் கல்யாணமென்றால் வீடு கொடுக்கவேண்டும். பல குடும்பங்களில் மூத்த மகளுக்கு இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ ஒரு சிறிய வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. இதனால் அக்கா தங்கையரின் வீடுகள் ஒரே ஒழுங்கையில் வரிசையாக அமைந்தன. கிழக்கில் நீண்டகாலம் ஆய்வுசெய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த அமைப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

கணவன், மனைவி, பிள்ளைகள், தனிக்குசினி என்று பார்த்தால் இவை தனிக்குடும்பங்களே. கணக்கெடுப்புக்கு வருகிறவர் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகத்தான் எழுதுவார். ஆனால், அந்த வீடுகளுக்கிடையில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் கறிச்சட்டியும் கைக்குழந்தையும் போய்வந்தன. கிணறு பங்குக் கிணறு. இராத்திரியில் யாருக்காவது மூச்சிழுத்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தது. நாங்கள் கூட்டுக்குடும்பம் என்று நினைவுகூர்வது பெரும்பாலும் இந்தக் கூப்பிடு தூரத்தைத்தான்.

தேசவழமை இந்த அருகாமைக்குச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்தது. காணியை வெளியாருக்கு விற்க நினைப்பவர் முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்கவேண்டும் என்ற முன்வாங்கல் உரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது.

தூரம் எங்கிருந்து வந்தது?

இந்த அமைப்பைக் குலைத்தவற்றில் மனமாற்றத்தைவிடப் பெரிய சக்திகள் இருந்தன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், அதே ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் தமது ஊர்களிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் வெளியேறினார்கள். நான்கு வீடுகள் சேர்ந்த ஒரு வளவு, நான்கு வேறு ஊர்களில் நான்கு கொட்டில்களானது. மீளக்குடியேறியபோது எல்லோரும் திரும்பவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றர் வரை கட்டக்கூடாது என்றார்கள். மகள்மாரின் சீதன வீடுகள் இருந்த கரையோர ஒழுங்கைகள் வெறுமையாயின. மாற்று வீடுகள் பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரிலிருந்த வீடு ஒரே படிவத்தில் கைமாறியது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதற்கு எதிராகக் குரல் கொடுத்தன.

புலம்பெயர் நாடுகளின் குடிவரவுச் சட்டம் இன்னொரு பெரிய வேலி. அந்தச் சட்டங்களில் குடும்பம் என்றால் முதன்மையாகக் கணவன், மனைவி, வயதுவராத பிள்ளைகள். பிரித்தானியா 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி, வயதான தாயை அழைப்பதற்கு, அவருக்குத் தேவையான நீண்டகாலப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது என்று காட்டவேண்டும். கனடா 2011இல் தொடங்கிய சூப்பர் விசாவில் பெற்றோர் வரலாம், 2022இலிருந்து ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால், மருத்துவக் காப்புறுதி வாங்கியிருக்கவேண்டும், அங்கே அவர் விருந்தாளியே. மகன் அனுப்பிய காசில் கட்டிய மாடிவீட்டில் தாய் தனியே இருப்பதற்கு மகனின் மனத்தை மட்டும் குற்றம் சொல்லமுடியாது.

அருகாமையின் விலை

இந்தப் பழைய அமைப்பை அப்படியே கொண்டாடுவதற்கும் இல்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் போய்வந்த உழைப்பு முழுவதும் பெண்களுடையது, கூலியில்லாதது. சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருந்தாலும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணியே இல்லாத குடும்பங்களுக்கு, குறிப்பாகச் சாதியின் பெயரால் காணி மறுக்கப்பட்டவர்களுக்கு, இந்தக் கூப்பிடு தூரம் ஒருபோதும் உறுதியாக இருந்ததில்லை. மகளுக்கு ஒரு வீடு கட்டுவதற்காகத் தாய் வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிறாள். சேர்ந்திருப்பதற்கான வீட்டைக் கட்டப் பிரிந்துபோக வேண்டியிருக்கிறது.

இதே கணக்கை ஜப்பான் நேரடியாக எதிர்கொண்டது. மூத்த மகனும் அவன் மனைவியும் பெற்றோரோடு வாழும் ‘இயே’ முறையை 1898ஆம் ஆண்டின் குடியியல் சட்டம் சட்டமாக்கியது, போருக்குப் பின் 1947இல் அது நீக்கப்பட்டது. சட்டம் போனபின்னும் மாமன் மாமியைப் பார்க்கும் சுமை மருமகளின் தலையிலேயே கிடந்தது. 2000இல் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் பங்களிப்புச் செலுத்துகிறார்கள். குளிப்பாட்டவும் உடைமாற்றவும் பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பெற்றோரோடு ஒரே வீட்டில் இல்லாமல் அருகில் வாழ்வதை ஜப்பானியர் ‘சூப் ஆறிப்போகாத தூரம்’ என்பார்கள். கறிச்சட்டி போய்வந்த எங்கள் பொட்டும் அதே தூரம்தான்.

சிங்கப்பூர் அந்தத் தூரத்துக்குக் காசே கொடுக்கிறது. பெற்றோரைத் தாபரிக்கவேண்டும் என்று 1995இல் சட்டம் இயற்றிய அந்நாடு, 2015இலிருந்து, பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ அரச மாடிவீடு வாங்கும் பிள்ளைகளுக்கு மானியமும் வழங்குகிறது.

இலங்கையில் எங்களிடம் இருப்பது இந்த இரண்டில் முதலாவது மட்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் பெற்றோரைப் புறக்கணிக்கக்கூடாது என்கிறது. பிள்ளைகளிடமிருந்து தாபரிப்பு கோருவதற்கு ஒரு சபையையும் அமைத்தது. ரொறன்ரோவில் இருக்கும் மகனிடமிருந்து சபை ஒருவேளை பணத்தைப் பெற்றுத்தரலாம். இரவில் ஒரு குவளை தண்ணீர் எடுத்துக்கொடுக்கும் ஆளைப் பெற்றுத்தராது.

ஆகவே முதியோர் இல்லமா, கூட்டுக்குடும்பமா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்கலாம். வீட்டுத்திட்டத்தில் காணி ஒதுக்கும்போது தாயையும் மகளையும் பக்கத்தில் வைக்க பிரதேச செயலகத்தால் முடியாதா? உறுதியில் பெண்ணின் பெயரை எழுத முடியாதா? தனித்திருக்கும் முதியவர்களை வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க, சம்பளத்தோடு பயிற்றப்பட்டவர்களை நியமிக்க முடியாதா? கோயில் கோபுரங்களுக்கும் பாடசாலை மண்டபங்களுக்கும் வருகின்ற புலம்பெயர் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்ப முடியாதா? பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வரப்போவதில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் ஆள் இருப்பதற்கு அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை.