இரட்டையர் ஆட்டமும் ஒரு பங்குடைமைதான்



சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பட்மின்டன் பயிற்சிக்குக் கூட்டிச் செல்லும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "ஏன் அண்ணை, பிள்ளையை இரட்டையரிலே போடுகினம்? தனிய விளையாடினால்தானே பெயர் வரும்?" அவர்களுக்கு நான் இந்தோனேசியாவின் கிரேசியா பொலியைப் பற்றிச் சொல்வேன்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். இரட்டையரில் தாக்கும்போது ஒருவர் முன்னுக்கும் மற்றவர் பின்னுக்கும் நிற்பார்கள். தடுக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக நிற்பார்கள். இந்த இடமாற்றம் ஒரு நொடிக்குள் நடக்கவேண்டும். இருவருக்கும் நடுவே வரும் பந்தை யார் அடிப்பது என்று அப்போது கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வணிகம் படித்தவர்கள் இதைப் பங்குடைமை என்பார்கள். இலாபமும் நட்டமும் இருவருக்கும் பொது.

1987இல் பிறந்த கிரேசியாவுக்கு முதலில் வந்தது பெரிய நட்டம். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அவரும் மெய்லியானா ஜௌஹரியும் ஒரு தென்கொரிய ஜோடியோடு மோதினார்கள். அதில் வெல்பவர்கள் காலிறுதியில் சீனாவின் பலமான ஜோடியைச் சந்திக்கவேண்டும். அதனால் இரு தரப்பும் வெல்ல முயலாமல் ஆடின. அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். ஆகஸ்ட் 1ஆம் திகதி, இதே குற்றத்துக்காக நான்கு ஜோடிகள், எட்டு வீராங்கனைகள், தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் கிரேசியாவும் ஒருவர்.

அடுத்த பங்காளி நித்யா மகேஸ்வரி. பெயரைக் கேட்டு எங்கடை பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தோனேசியாவில் இப்படிப்பட்ட பெயர்கள் சாதாரணம். இருவரும் 2014 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்கள். 2016 ரியோவில் காலிறுதியோடு நின்றார்கள். பிறகு நித்யாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. கிரேசியாவும் விலகிவிட எண்ணினார். பயிற்சியாளர் எங் ஹியான் அவரை மறித்து, இளையவர்களை வளர்த்துவிடச் சொன்னார்.

2017இல் அப்ரியானி ரஹாயு வந்தார். கிரேசியாவை விடப் பதினொரு வயது இளையவர். அந்த வருடமே பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை வென்றார்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த ஜோடிக்குத் தரவரிசைச் சலுகை எதுவும் இல்லை. 2021 ஆகஸ்ட் 2ஆம் திகதி, இலண்டன் தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டும் ஒரு நாளும் கழித்து, இறுதியாட்டத்தில் சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் ஜோடியை 21-19, 21-15 என்று வென்றார்கள். ஒலிம்பிக் பெண்கள் இரட்டையரில் இந்தோனேசியாவுக்கு அதுவே முதல் தங்கம். ஆட்டத்தின் நடுவே பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரேசியா ஓரத்துக்கு ஓடி ராக்கெட்டை மாற்றினார். அந்தக் கணங்களில் அப்ரியானி தனியாக நின்று தாக்குப்பிடித்தார். பங்காளி எதற்கு என்று கேட்பவர்கள் அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள்.

2022 யூனில் கிரேசியா ஓய்வுபெற்றார். அதற்கு முன்பே அப்ரியானி, தன்னைவிட இளையவரான சித்தி ஃபாதியாவோடு ஆடத் தொடங்கிவிட்டார்.

ஒரு வருட நட்டத்தைப் பார்த்து எந்தக் கணக்காளரும் ஏட்டை மூடச் சொல்வதில்லை. பிள்ளை தோற்றோ தலைகுனிந்தோ வீட்டுக்கு வரும் நாளில், பெற்றோரே, நீங்களும் அவசரப்பட்டு ஐந்தொகை போட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.