எண்ணெய் குறைந்தால் மலை ஏறுவது எப்படி?

நீலகிரி மாவட்டத்தில், உதகையிலிருந்து கூடலூருக்குச் செல்லும் சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் நடுவட்டம் என்னும் ஊர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். ஆனால் தேயிலையை மட்டும் குடித்து யாரும் உயிர் வாழ முடியாது. அரிசி, பருப்பு, சமையல் எரிவாயு, உரம், மருந்து, நோட்டுப் புத்தகம் ஆகிய எல்லாமே லாரியில்தான் மலை ஏறி வருகின்றன. லாரி டீசலில் ஓடுகிறது. டீசல் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கிறது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது.

பூமிக்கடியில் எண்ணெய் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. எரித்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. அது தீர்ந்துபோகும் முன்பே தட்டுப்பாடு வரலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1973-ல் மேற்கு ஆசியாவில் போர் மூண்டபோது அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று.

மீண்டும் அத்தகைய தட்டுப்பாடு வந்தால் நடுவட்டம் போன்ற ஒரு மலையூர் என்ன செய்யும்? "முன்னோர்களைப் போல எளிமையாக வாழ்ந்துவிடலாம்" என்பார்கள் சிலர். "அதற்குள் விஞ்ஞானம் வேறு வழி கண்டுபிடித்துவிடும்" என்பார்கள் வேறு சிலர். இரண்டில் எது சரி என்று வாதாடுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் டீசலின் வலிமை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அப்படியானால் கீழேயிருந்து வரும் லாரி ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற வேண்டும். 10 டன் அரிசி ஏற்றிய லாரியின் மொத்த எடை 16 டன் என்று கொள்வோம். ஏறுவதற்கு வேண்டிய ஆற்றலைக் கணக்கிடும் விதி உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளது: நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது, 16,000 × 9.8 × 1,900. விடை ஏறக்குறைய 300 மெகா ஜூல்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகா ஜூல் வெப்ப ஆற்றல் அடங்கியுள்ளது. என்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி, புகையோடும் வெப்பமாகவும் வெளியே போய்விடும். ஆக, லிட்டருக்கு 12 மெகா ஜூல் வேலை கிடைக்கிறது. சாலை உராய்வையும் காற்றின் தடையையும் விட்டுவிட்டு, ஏற்றத்துக்கு மட்டும் பார்த்தால் 25 லிட்டர் டீசல் போதும்.

இனி மனிதனின் உழைப்பைப் பார்ப்போம். நல்ல உடல் வலிமையுள்ள ஒருவர் நாள் முழுதும் உழைத்தால் சுமார் 2 மெகா ஜூல் வேலை செய்ய முடியும். ஆகவே ஒரு லிட்டர் டீசல் 6 பேரின் ஒரு நாள் உழைப்புக்குச் சமம். லாரியின் 25 லிட்டர், 150 பேரின் ஒரு நாள் உழைப்பு! எண்ணெயை இழப்பது ஏன் அத்தனை கடினம் என்பது இப்போது புரிகிறதல்லவா?

இதே கணக்கு இன்னோர் உண்மையையும் சொல்கிறது. 10 டன் அரிசிக்கு 25 லிட்டர் என்றால் ஒரு டன்னுக்கு இரண்டரை லிட்டர்தான். ஒரு டன் எடையுள்ள காரில் ஒருவர் தனியாக மலை ஏறினால், ஏற்றத்துக்கு மட்டும் ஏறக்குறைய 2 லிட்டர் எரிபொருள் செலவாகும். அந்த 2 லிட்டரில் 800 கிலோ அரிசி மலை ஏறிவிடும். ஆளுக்கு மாதம் 10 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது 80 பேருக்கு ஒரு மாதச் சோறு. ஆகவே எண்ணெய் குறையும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இருப்பதை எதற்குச் செலவிடுவது?" என்பதுதான்.

நடுவட்டம் கண்ட தட்டுப்பாடு

தொலைவிலிருந்து வரும் ஒரு பொருள் திடீரென்று நின்றுபோவது நடுவட்டத்தின் வரலாற்றுக்குப் புதிதல்ல. இங்கே தேயிலைக்கு முன்பே பெயர் பெற்றிருந்த மரம் சிங்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன், இந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1860-ல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து விதைகளையும் கன்றுகளையும் சேகரித்து அனுப்பினார். உதகைத் தாவரவியல் பூங்காவைக் கவனித்து வந்த வில்லியம் மெக்ஐவர், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்களை வளர்த்தார். நடுவட்டத் தோட்டத்தில் சீனக் கைதிகளும் வேலை வாங்கப்பட்டனர். இங்கே ஒரு குயினைன் தொழிற்சாலையும் நடந்தது.

இதற்கிடையே, டச்சுக்காரர்கள் ஜாவாத் தீவில் குயினைன் மிகுந்த வேறொரு சிங்கோனா வகையைப் பயிரிட்டார்கள். 1930-களில் உலகுக்கு வேண்டிய குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்தே கிடைத்தது. இந்தியாவும் தன் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்கியது.

1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியப் படைகள் ஜாவாவைக் கைப்பற்றின. குயினைன் வரத்து அற்றுப்போயிற்று. நடுவட்டத்திலும் வங்காளத்திலும் இருந்த தோட்டங்களை நாடு திரும்பிப் பார்த்தது. ஆனால் சிங்கோனாக் கன்றை இன்று நட்டால், நல்ல பட்டை எடுக்க ஏழெட்டு ஆண்டுகளாவது ஆகும். காய்ச்சல் அதுவரை காத்திருக்குமா? 1943-ல் வங்காளப் பஞ்சத்தின்போது பசியால் மெலிந்தவர்களை மலேரியா வாரிக்கொண்டு போனது. அப்போது குயினைன் போதிய அளவு கிடைக்கவில்லை.

தட்டுப்பாடு ஒரே மாதத்தில் வந்துவிட்டது. அதற்கு மாற்றோ பல ஆண்டுகளில்தான் வளரும். எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

கரியில் ஓடிய பஸ்கள்

அதே மார்ச் மாதத்தில் ரங்கூன் நகரமும் வீழ்ந்தது. இந்தியாவுக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தந்து வந்த பர்மா கைவிட்டுப் போயிற்று. இந்தியாவுக்குள் அஸ்ஸாமில் திக்பாய் போன்ற சில இடங்களில்தான் எண்ணெய் கிடைத்தது. பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை ஏற்கெனவே வந்திருந்தது. அந்த நாளில் நம் ஊர்களில் கரிவாயு பஸ்கள் ஓடின.

பஸ்ஸின் பின்புறத்தில் உயரமான இரும்பு உருளை ஒன்று இருக்கும். அதில் மரக்கரியை நிரப்பித் தீ மூட்டி, துருத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். கரி முதலில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். அது மேலே கனன்றுகொண்டிருக்கும் கரியினூடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். இது எரியக்கூடிய வாயு. இதைக் குளிரவைத்து, வடிகட்டி என்ஜினுக்குள் செலுத்தினால் பஸ் ஓடும். கார்பன் மோனாக்சைடு கொடிய நஞ்சு என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் கரிவாயுவில் என்ஜினின் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்துவிடும். மேட்டைக் கண்டால் பஸ் திணறும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஒன்றரை முதல் 2 கிலோ கரி வேண்டும். ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு வேண்டும். சில பஸ்களுக்குச் சரி. இன்று ஓடும் எல்லா வண்டிகளுக்கும் என்றால் காடு தாங்குமா?

எண்ணெய் இல்லாத பழைய நீலகிரி

மலைக்குச் சாலை வருமுன் நீலகிரி மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? தோடர்கள் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் தந்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்தார்கள். படகர்கள் ராகி, சாமை, கோதுமை, பார்லி முதலியவற்றைப் பயிரிட்டார்கள். குறும்பர்கள் தேன் முதலிய காட்டுப் பொருள்களைக் கொடுத்தார்கள். ஒருவர் பொருளை மற்றவர் பெற்று வாழ்ந்தனர்.

எண்ணெயின்றி மலையில் வாழ முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அன்று மலையில் மக்கள் தொகை மிகக் குறைவு. நோய்க்கு நல்ல மருந்தும் இல்லை. இன்று பல மடங்கு மக்கள் இருக்கிறார்கள்; நிலத்தின் பெரும்பகுதி தேயிலையாகிவிட்டது. ஆகவே பழைய வாழ்க்கைக்கு அப்படியே திரும்ப முடியாது. அதில் எவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

ஆயத்தமின்றி மாறினால்

நடுவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் பல குடும்பங்கள், 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். அந்த இலங்கையிலேயே அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. 2021-ல் அந்த நாட்டு அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. இயற்கை உரம் நல்லதுதான். ஆனால் போதிய தொழு உரம் சேரவில்லை. மண்ணைப் பழக்கக் காலமும் இல்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 2022-ல் அன்னியச் செலாவணி தீர்ந்து, எண்ணெயும் வராமல் நின்றது. பெட்ரோலுக்காக மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். வீட்டுத் தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தரப்பட்டது. ஆனால் இன்று விதைத்த விதை நாளைக்கே சோறாகாது!

கியூபாவுக்கும் இப்படி நேர்ந்தது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததும் அங்கிருந்து வந்த எண்ணெய் பெரிதும் குறைந்தது. சைக்கிள்களும் நகரத் தோட்டங்களும் பெருகிப் பின்னர் ஓரளவு கைகொடுத்தன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் அரை வயிறு உண்டு உடல் மெலிந்தார்கள்.

நடுவட்டத்தில் எதை முன்கூட்டிச் செய்யலாம்?

முதலில் நீர். நடுவட்டத்துக்கு அருகிலுள்ள பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் சுமார் 900 மீட்டர் கீழே இறக்கி, 1930-களின் தொடக்கத்திலிருந்தே சிங்காராவில் மின்சாரம் எடுத்து வருகிறார்கள். ஒரு டன் நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 7.5 மெகா ஜூல் மின்சாரம் கிடைக்கும். ஆக, 1,600 லிட்டர் நீர் செய்யும் வேலை, ஒரு லிட்டர் டீசல் என்ஜினில் செய்யும் வேலைக்குச் சமம். டீசல் எத்தனை செறிவான பொருள் பாருங்கள்! ஆனால் நீருக்கு ஒரு பெருமை உண்டு. அது அடுத்த மழையில் மீண்டும் வரும்.

மேற்குச் சரிவில் இருப்பதால் நடுவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேகமூட்டம். சூரிய மின்தகடுகள் அதிகம் பயன்படா. ஆனால் ஓடைகள் நிறைந்து ஓடும். ஜனவரி முதல் மார்ச் வரை ஓடைகள் மெலியும். வெயிலோ நன்றாகக் காயும். ஆகவே சிறு நீர்ச்சக்கரமும் சூரியத் தகடும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும். சாண எரிவாயுக் கலமோ இங்கே மெதுவாகத்தான் வேலை செய்யும். அதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் பிடிக்கும். மலைக் குளிர் ஒத்துவராது.

அடுத்து வெப்பம். விறகு பயன்படுத்தும் தேயிலைத் தொழிற்சாலைகளில், ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவோ அதற்கு மேலோ விறகு செலவாகிறது. தைல மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ், விறகுக்காகவே 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் பெருமளவில் நடப்பட்டது. அடுப்பையும் குழாய்களையும் வெப்பம் கசியாமல் மூடினால் விறகு மிச்சமாகும். வீட்டிலும் இதைச் செய்யலாம். 2,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும். மூடியுள்ள குக்கர் அந்த நேரத்தைக் குறைக்கும். கொதித்த சோற்றுப் பானையை நன்றாக மூடி, பழைய கம்பளி திணித்த பெட்டியில் வைத்தால், மீதி வேக்காடு அடுப்பில்லாமலே நடக்கும்.

பிறகு உணவு. இந்தக் குளிரில் நெல் விளையாது. உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், கீரை நன்றாக விளையும். ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு பாத்தி இருந்தால் காய்கறிக்கு லாரியை எதிர்பார்க்க வேண்டாம். அரிசிக்கு லாரி வேண்டும்தான். மிச்சமாகும் டீசல் அதற்குப் பயன்படட்டும். ஆனால் செங்குத்தான சரிவுகளைக் கொத்திக் காய்கறி போட்டால் ஒரே மழையில் மண் அடித்துச் செல்லப்படும். அங்கே புல்லும் மரமுமே நல்லவை.

இவற்றில் எதுவும் ஒரே நாளில் ஆவதல்ல. தொழு உரம் மக்கச் சில மாதங்கள் ஆகும். வெறும் மண் நல்ல தோட்ட மண்ணாக மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். விறகு மரத்துக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஓடையில் சக்கரம் அமைக்கக் குழாயும் இரும்பும் வேண்டும். அவற்றை மலை ஏற்றவும் டீசல்தான் வேண்டும். ஆகவே எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும் நாளே, எண்ணெய் இல்லாத நாளுக்கு ஆயத்தம் செய்ய ஏற்ற நாள்.

நீங்களும் கணக்கிடுங்கள்

மாணவ நண்பர்களே, ஒரு வாரம் உங்கள் வீட்டுக்கு வரும் பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, அதன் எடை என்ன என்று எழுதுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: இல்லாவிட்டால் வாழ முடியாதவை, நம் ஊரிலேயே கிடைக்கக்கூடியவை, இல்லாமலும் இருக்கக்கூடியவை. இரண்டாவது வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை நம் ஊரில் விளைவிக்கவோ செய்யவோ எத்தனை மாதங்கள் ஆகும் என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தனை மாதங்களுக்கு முன்னதாக நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும்.