பாலூட்ட ஒரு சிம்மாசனம்?

பாலூட்டும் தாய்க்கென்றே தனி நாற்காலி விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை கொஞ்சநஞ்சமல்ல. வாங்கத்தான் வேண்டுமா?

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டால் எருத்தேன்பதி வீடுகளில் வேலைகள் வரிசையாகத் தொடங்கும். பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து, கிழித்து, மடித்து வைப்பார்கள். தொட்டில் கட்டும் கொக்கியை இழுத்துப் பார்ப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கென்று பூண்டு வந்து சேரும். இந்தப் பட்டியலில் இப்போது புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கிறது: பாலூட்டும் நாற்காலி. கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மருமகனின் செல்போனில் அதன் படம் இருக்கிறது. மெத்தை தைத்த கைப்பிடி, சாயும் முதுகு, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் நகரும் அடிப்பாகம். விலை பெரும்பாலும் ஐந்திலக்கம். அம்மாயிக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் பாயில் உட்கார்ந்தே வளர்த்தவர் அவர்.

கேரளத்தின் கிழக்கு ஓரம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. எருத்தேன்பதியில் ஆட்சி மலையாளத்தில், அடுப்படி தமிழில். தென்னையும் கள்ளும் தாலுகாவின் அடையாளங்கள். கூலிக்குத் தோட்டம் போகும் பெண்கள் இங்கு ஏராளம். அப்படியொரு வீட்டில் ஐந்திலக்க நாற்காலி என்பது சாதாரணச் செலவல்ல. கேரளத்தில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் தினக்கூலி 2024-25இல் 346 ரூபாய். 10,000 ரூபாய் நாற்காலி என்றால் 29 நாள் கூலி. எனவே சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கேள்வி அத்தனை அசட்டுத்தனமானதல்ல.

நாளுக்கு ஆறு மணி நேரம்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்குச் சராசரியாக அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் தாய் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறாள். ஓர் அலுவலக குமாஸ்தாவின் நாற்காலி வேலைக்கு அது அதிகம் குறைந்ததல்ல. குமாஸ்தாவுக்காவது இரவில் விடுமுறை உண்டு.

இதில் உட்காரும் விதம் முக்கியம். தாய் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில், தாயின் உடலோடு ஒட்டி, மார்பைப் பார்த்தபடி, முழு உடலுக்கும் தாங்கல் கொடுத்து இருக்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பைத் தொட்டிருந்தால் சரியாகப் பற்றியிருக்கிறது என்று அர்த்தம். இது பிசகினால் காம்பு புண்ணாகும், பால் சரியாக இறங்காது. வலியும் பதற்றமும் பாலைச் சுரந்து வெளித்தள்ளும் ஆக்சிடோசின் ஹார்மோனையும் தடுமாற வைக்கும். அதற்கடுத்து வீட்டில் எழும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததே: "பால் பத்தலை, டப்பாப் பால் வாங்கிருங்க."

உண்மையில் பல வீடுகளில் பற்றாமல் போவது பால் அல்ல, முதுகுக்கான தாங்கல்.

பாய் ஏன் போதவில்லை

அம்மாயியின் அனுபவம் பொய்யில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் தலையணை வைத்து உட்கார்ந்தால் பாயைப்போல் வசதியான இடம் கிடையாது. ஆனால் அம்மாயிக்கு வயிற்றில் தையல் இல்லை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 38.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். ஐந்தில் இரண்டு தாய்மார்கள் அறுவைக் காயத்தோடு வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்குத் தரையில் உட்காருவதைவிட, கையில் குழந்தையோடு தரையிலிருந்து எழுவது பெரும் வேதனை. சுகப்பிரசவத்தில் தையல் போட்டவர்களுக்கும் சம்மணமிட்டு உட்காருவது சிரமம்தான். பிரசவமே மாறிவிட்டபோது பாயில் உட்கார்ந்து சமாளி என்று மகளிடம் சொல்வது நியாயமல்ல. நாற்காலி தேவை. சிறப்பு நாற்காலி தேவையா என்பதுதான் கேள்வி.

உயரத்தில் இருக்கிறது சூட்சுமம்

பாலூட்ட நாற்காலி என்பது புதிய யோசனையே அல்ல. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் அதற்கென்று தனியாகச் செய்தார்கள். கைப்பிடி கிடையாது; இருக்கை தரையிலிருந்து 13 முதல் 15 அங்குலம்தான். பாதம் தரையில் நன்றாகப் பதியும், முழங்கால் சற்று உயரும், மடி தானாகவே தொட்டில்போல் குழிவாகும். ரகசியம் அவ்வளவே. மெத்தையும் ஆட்டமும் பிற்பாடு வந்து சேர்ந்த அலங்காரங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஏறத்தாழ 18 அங்குல உயரம். சராசரி இந்தியப் பெண்ணின் உயரம் ஐந்தடிக்கு அருகில். அவள் அதில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் பாதம் தொங்கும் அல்லது நுனிவிரலில் நிற்கும். தொடை முன்பக்கம் சரியும், குழந்தை வழுக்கும், அதைப் பிடிக்கத் தாய் குனிவாள். மூன்றாம் வாரத்தில் கழுத்தும் முதுகும் கழன்றுவிடும். உயரமானவர்களை மனதில் வைத்துச் செய்த விலை உயர்ந்த நாற்காலியிலும் இதே கதை நடக்கும்.

பரிகாரம் மலிவானது. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. காலுக்கடியில் நான்கைந்து அங்குல உயரத்தில் ஒரு மணை அல்லது பலகை. இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய போர்வை. மடியில் ஒன்று, கைமுட்டிக்குக் கீழ் ஒன்று என இரண்டு தலையணை. சிசேரியன் ஆனவர்கள் குழந்தையைக் கக்கத்தின் பக்கமாக, கால்கள் பின்னோக்கி இருக்கும்படி பிடித்தால் வயிற்றுத் தையலில் பாரம் விழாது. இரவில் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம்.

யார் வாங்கலாம்

அப்படியானால் சிறப்பு நாற்காலி சுத்த வீணா? எல்லோருக்கும் அல்ல. இரட்டைக் குழந்தை பெற்றவர்கள், ஏற்கெனவே முதுகுத்தண்டுத் தொல்லை உள்ளவர்கள், சிசேரியனுக்குப் பிறகு உதவிக்கு ஆளில்லாமல் தனியாக இருப்பவர்கள்: இவர்களுக்கு உறுதியான, சரியான உயரமுள்ள நல்ல நாற்காலி பெரிய துணை. வீட்டில் இடமும் கையில் காசும் இருந்தால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, தூக்கம். நள்ளிரவில் மெத்தென்று சாயும் நாற்காலியில் தாய் தன்னையறியாமல் கண்ணயர்ந்தால், குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சுத் திணற வாய்ப்புண்டு. சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு தூங்கிப்போவது மிகவும் ஆபத்தானது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் எச்சரிக்கிறது. சொகுசு கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. இரண்டாவது, மூத்த குழந்தை. நகரும் அடிப்பாகத்தில் சின்ன விரல்கள் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஆயுள். நாற்காலி பாலூட்டும் காலத்துக்குப் பின்னும் உட்காரப் பயன்படுமா, அல்லது துணி போடும் இடமாகிவிடுமா என்று முன்பே யோசிக்க வேண்டும்.

எந்த நாற்காலியாலும் தீராத சங்கதிகளும் இருக்கின்றன. காம்பில் வெடிப்பு, மார்பில் கட்டியோடு காய்ச்சல், முதல் வாரத்துக்குப் பின் குழந்தை நாளுக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழிப்பது: இவற்றுக்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். குழந்தை சரியாகப் பற்றுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆஷா பணியாளரையோ துணை மையத்துச் செவிலியரையோ கூப்பிடலாம். அதற்குக் காசு கிடையாது.

நாற்காலிக்கு முன் நேரம்

உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார நேரம் வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், பாலூட்ட இடைவேளை என்று சட்டம் தாராளமாகவே பேசுகிறது. ஆனால் தோட்டக் கூலிப் பெண்ணின் வரப்புவரை அந்தத் தாராளம் நடந்து வருவதில்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில், தகுதியுள்ள தாய்க்கு முதல் குழந்தைக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரே மொழி பேசினாலும் எருத்தேன்பதித் தாய்க்கு அதில் பங்கில்லை.

நாட்டில் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 63.7 சதவீதம் என்கிறது அதே கணக்கெடுப்பு. மீதிக் குழந்தைகளுக்கு நாற்காலி இல்லாததா குறை? வேலைக்குத் திரும்பிய தாய், தவறான யோசனை, பக்கத்தில் உதவ ஆளின்மை என்று காரணங்கள் வேறு எங்கோ இருக்கின்றன.

வாங்குமுன்

* பிரசவத்துக்கு முன்பே வாங்காதீர்கள். பிறந்து இரண்டு வாரம் வீட்டு நாற்காலி, பலகை, தலையணையோடு பழகிப் பாருங்கள்.
* கடையில் உட்கார்ந்து பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். முதுகு சாய்ந்த நிலையில் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும்.
* கைப்பிடி, தோள் தூக்காமல் முழங்கை இளைப்பாறும் உயரத்தில் இருக்க வேண்டும்.
* குழந்தையைப் பிடித்தபடி, ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். மிகவும் அமுங்கும் மெத்தை உதவாது.
* உறை கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும். பால் சிந்தும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மகளின் பிரசவத்தைப் பார்க்க வரும் அம்மாவும் பல வீடுகளில் கூலிக்குப் போகிறவர்தான். பதினைந்து நாளில் அவர் மறுபடி தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார், வேறு வழியில்லை. நாற்காலிக்கு எடுத்து வைத்த 10,000 ரூபாயை அந்த அம்மா கையில் கொடுத்தால் அவர் இன்னும் ஒரு மாதம் வீட்டில் இருப்பார். சமைப்பார், துணி துவைப்பார், நள்ளிரவில் குழந்தையை எடுத்துக் கொடுப்பார். மகள் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகப் பாலூட்டுவாள். பிளாஸ்டிக் நாற்காலியே தாராளம்.